செடிக்குள் ஒரு சுவிட்ச் போர்டு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "எலக்ட்ரிக்கல் படிக்கிறவன்தானே, டிரான்ஸ்பார்மர் பற்றி எழுது" என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் உளுந்துச் செடியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். கடைசி வரை படித்தால் இதிலும் சுவிட்ச், பியூஸ், ரிலே எல்லாம் வருவது தெரியும்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சொந்த நிலம் கிடையாது. அப்பா ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து மேலே படிக்க வந்தவன் நான்தான்.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது மாசிப் பட்டத்தில் உளுந்து போட்டோம். விதைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இளம் இலைகளில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் வந்தன. சில நாட்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, வயலே மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் "சத்துக் குறைச்சல், யூரியா போடுங்க" என்றார்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து யூரியா வாங்கிப் போட்டோம். அந்தத் தோடு என்னுடைய அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்காக வைத்திருந்தது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. நாலு மூட்டை எதிர்பார்த்த இடத்தில் முக்கால் மூட்டை தேறியது. அதுவும் சுருங்கிப்போன உளுந்து.

செடி பிடுங்கிய அன்றைக்கு, நடு வயலில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சைப்பசேலென்று காய்த்து நின்றது. அப்பா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரே விதை, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. இது மட்டும் எப்படித் தம்பி தப்பிச்சுது? நீ படிக்கிற புள்ளையாச்சே, சொல்லு" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓம் விதி தெரியும், கிர்ச்சாஃப் விதி தெரியும். அப்பா கேட்டது தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் பக்கத்துத் தெருவில் தாவரவியல் படிக்கும் அக்காவிடம் புத்தகங்கள் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். புரியாத இடங்களை அவரே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அப்படி நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வந்தது யார்?

எங்கள் வயலுக்கு வந்தது மஞ்சள் தேமல் நோய். சத்துக் குறைச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது வைரஸால் வருகிறது. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு இதைக் கொண்டுபோவது வெள்ளை ஈ. நோயுள்ள செடியில் சாறு உறிஞ்சும்போது வைரஸ் ஈயின் உடம்புக்குள் போகிறது. அந்த ஈ அடுத்த செடியில் போய் உட்கார்ந்து உறிஞ்சும்போது வைரஸ் அங்கே இறங்கிவிடுகிறது. தழைச்சத்து அதிகமானால் இலை மென்மையாகி, சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இன்னும் வசதியாகும். அதாவது, நாங்கள் தோடு அடகு வைத்து வெள்ளை ஈக்கு விருந்து வைத்திருக்கிறோம்!

உலகத்தில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸே ஒரு செடி வைரஸ்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அது புகையிலைத் தேமல் வைரஸ். ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி 1892-இல், நோயுற்ற புகையிலைச் சாற்றைப் பாக்டீரியாவைக்கூடத் தடுத்துவிடும் வடிகட்டியில் வடிகட்டிப் பார்த்தார். வடிந்த சாறும் நோயை உண்டாக்கியது. நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் 1898-இல், இது பாக்டீரியா அல்ல, வேறு வகையான ஒன்று என்று சொல்லி 'வைரஸ்' என்ற பெயரை அதற்கு வைத்தார்.

வைரஸிடம் சொந்தமாக எந்த இயந்திரமும் கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு புரத உறையும், அதற்குள் ஒரு செய்திச் சீட்டும் மட்டும்தான். புகையிலைத் தேமல் வைரஸின் சீட்டு ஆர்.என்.ஏ. என்ற பொருளால் ஆனது. அதன் நீளம் சுமார் 6,400 எழுத்துகள். எங்கள் உளுந்துக்கு வந்த வைரஸின் சீட்டு டி.என்.ஏ.வால் ஆனது. அது வளையம் வளையமாக இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்துகள். செடியின் செல்லுக்குள் புகுந்ததும் "என்னை நகல் எடு, என் புரதத்தைச் செய்" என்று அந்தச் சீட்டு செடியின் இயந்திரங்களையே வேலை வாங்குகிறது. அடுத்தவன் லேத்தில் தன் ஜாப்பைப் போட்டு ஓட்டுகிற ஆள் மாதிரி.

ஒரே புத்தகம், வேறு வேறு பக்கம்

நமக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன, வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. செடிக்கு ரத்தமும் இல்லை, ஓடி வர அணுக்களும் இல்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் முடியாது. அப்புறம் எதை வைத்துச் சண்டை போடும்? தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மரபணுக்களை வைத்துத்தான்.

மரபணு என்றால் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சியாளர்கள் அதிகம் ஆராய்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னக் கடுகு இனச் செடியில் சுமார் 27,000 மரபணுக்கள் இருக்கின்றன. அதன் முழு மரபணுத் தொகுதியும் 2000-ஆம் ஆண்டில் படித்து வெளியிடப்பட்டது. வேரில் இருக்கும் செல்லிலும் இலையில் இருக்கும் செல்லிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். ஆனால் வேர் சில பக்கங்களைப் படிக்கிறது, இலை வேறு சில பக்கங்களைப் படிக்கிறது.

ஒரு பக்கத்தைப் படிப்பது எப்படி? டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பு முதலில் தூது ஆர்.என்.ஏ. என்ற நகலாகிறது. அந்த நகலைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. எந்த மரபணு, எந்த நேரத்தில், எவ்வளவு நகல் ஆகிறது என்பதைத்தான் 'மரபணு வெளிப்பாடு' என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் சுவிட்ச் ஆன், சுவிட்ச் ஆஃப். நடுவில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கூட்டுவதும் குறைப்பதும் உண்டு. வைரஸ் வந்ததும் செடி புதிதாக ஒரு மரபணுவை உண்டாக்குவதில்லை. இருக்கிற சுவிட்ச்களின் நிலையைத்தான் மாற்றுகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் அரண்: எரிந்து காக்கும் பியூஸ்

சில செடிகளிடம் வைரஸை அடையாளம் காணும் காவல்காரப் புரதம் இருக்கிறது. இதில் புகழ்பெற்றது புகையிலையின் 'என்' மரபணு. ஒரு காட்டுப் புகையிலை இனத்தில் தேமல் வைரஸைத் தடவினால் செடி முழுக்க நோய் பரவாமல், தடவிய இலையில் மட்டும் கருகிய புள்ளிகள் விழுந்து அத்தோடு நின்றுவிடுவதை அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் ஹோம்ஸ் 1929-இல் எழுதினார். அந்தக் குணத்தைச் சாகுபடிப் புகையிலைக்குக் கொண்டுவந்ததை அவரே 1938-இல் வெளியிட்டார். ஆனால் அந்த மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுக்க 1994 வரை ஆனது. பார்பரா பேக்கர் குழுவினர் அதைச் செய்தார்கள்.

என் மரபணு செய்யும் புரதம், வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் புரதத்தின் ஒரு பகுதியை அடையாளம் காண்கிறது. உடனே செல்லுக்குள் அபாய அறிவிப்பு போகிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சுவிட்ச் மாறுகிறது. இரண்டு நாளுக்குள் வைரஸ் புகுந்த செல்களும் அவற்றை ஒட்டிய செல்களும் தாங்களாகவே செத்துவிடுகின்றன. உயிருள்ள செல் இல்லாமல் வைரஸால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் அது பெரும்பாலும் அங்கேயே முடங்கிவிடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம் லேப்பில் இருக்கும் பியூஸ் ஞாபகம் வந்தது. பியூஸ் எரிவது பழுதல்ல, அதுதான் அதன் வேலை. தான் எரிந்து சர்க்யூட்டைக் காப்பாற்றுகிறது. இலையில் கருகிய புள்ளியைப் பார்த்து "நோய் முத்திப்போச்சு" என்று நாம் நினைப்போம். சில நேரம் அது செடி ஜெயித்த அடையாளம்.

ஆனால் இந்தப் பியூசுக்கு ஒரு பலவீனம் உண்டு. 28 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் போனால் என் மரபணுவின் காவல் வேலை செய்வதில்லை. வைரஸ் செடி முழுக்கத் தாராளமாகப் பரவுகிறது. அப்படிப் பரவிய பிறகு வெப்பத்தைக் குறைத்தால் காவல் திடீரென்று விழித்துக்கொள்கிறது. அப்போது வைரஸ் இருக்கிற எல்லா செல்லும் ஒரே நேரத்தில் சாகின்றன. செடியே மடிந்துபோகிறது. சரியான நேரத்தில் எரிந்தால்தான் பியூஸ், தாமதமாக எரிந்தால் தீ விபத்து!

மேல் இலைக்குத் தகவல்

அடி இலையில் சண்டை நடந்தால் மேல் இலைக்கு எப்படித் தெரியும்? இதை அமெரிக்காவின் ஃபிராங்க் ராஸ் 1961-இல் சோதித்துக் காட்டினார். எதிர்ப்பு உள்ள புகையிலையின் அடி இலைகளில் முதலில் வைரஸைத் தடவினார். சில நாள் கழித்து மேல் இலைகளில் தடவினார். மேல் இலைகளில் விழுந்த புள்ளிகள் சிறியதாகவும் குறைவாகவும் இருந்தன. அதாவது மேல் இலைகள் முன்கூட்டியே தயாராகிவிட்டன.

அந்தத் தயார்நிலைக்குக் காரணமான பொருளைத் தேடினால் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கே வந்து சேருகிறோம். 1979-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்தினார். தலைவலி மாத்திரைதான்! அந்த இலையில் வைரஸுக்கு எதிர்ப்பு கூடியது. ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருளான சாலிசிலிக் அமிலத்தைச் செடி தானே செய்கிறது. வைரஸ் தாக்கிய, எதிர்ப்புள்ள புகையிலையில் அதன் அளவு பல மடங்கு ஏறுவதை 1990-இல் அமெரிக்காவில் கண்டார்கள். சாலிசிலிக் அமிலம் சேரச்சேர அதை அழித்துவிடும் ஒரு பாக்டீரியா மரபணுவைப் புகையிலையில் வைத்து 1993-இல் பார்த்தார்கள். அந்தச் செடிகளின் மேல் இலைகள் தயாராகவே இல்லை. ஆக, அந்த அமிலம் இல்லாமல் தயார்நிலை இல்லை என்று உறுதியானது.

சாலிசிலிக் அமிலம் எப்படி சுவிட்ச் போடுகிறது? இங்கேதான் ரிலே வருகிறது. என்.பி.ஆர்.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நாளில் அதில் பெரும்பகுதி உட்கருவுக்கு வெளியே ஒன்றோடொன்று பிணைந்து கட்டாகக் கிடக்கும். சாலிசிலிக் அமிலம் ஏறினால் அந்தக் கட்டு அவிழ்ந்து, தனித்தனியாக உட்கருவுக்குள் போய், மரபணுக்களை இயக்கும் வேறு புரதங்களோடு சேர்ந்து, பாதுகாப்பு மரபணுக்களை வரிசையாக ஆன் செய்கிறது. சின்ன கரண்ட் ரிலேயின் காயிலுக்குப் போனால் பெரிய மோட்டார் ஓடுகிற மாதிரி, ஒரு சின்ன அமில மூலக்கூறு நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்புகிறது.

அப்படி எழும் மரபணுக்களில் ஒன்று பி.ஆர்.1. இந்த வகைப் புரதங்களை, வைரஸ் தாக்கிய புகையிலையில் 1970-இலேயே இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்துவிட்டன. இவற்றில் பல, பூஞ்சையையும் பாக்டீரியாவையும் எதிர்ப்பதில்தான் கெட்டி. வைரஸைப் பொறுத்தவரை பி.ஆர்.1 நம் பேனல் போர்டில் இருக்கும் இண்டிகேட்டர் விளக்கு மாதிரி. அது எரிந்தால் செடி உஷாராகிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் அரண்: நகலை வெட்டும் கத்தரி

காவல்காரப் புரதம் இல்லாத செடிகள் என்ன செய்யும்? அவற்றுக்கும் ஒரு ஆயுதம் உண்டு. இது எல்லாச் செடியிலும் இருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது.

1928-இல் அமெரிக்காவின் விங்கார்டு என்பவர், வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலையில் ஒரு விந்தையைப் பார்த்தார். அடி இலைகளில் கடுமையான நோய். ஆனால் பிறகு வந்த மேல் இலைகள் நல்ல இலைகளாக வந்தன. செடி தானே குணமாகிவிட்டது. ஏன் என்பதற்கு ரொம்ப காலம் விடை இல்லை.

1990-இல் ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தைக் கூட்ட நினைத்தார்கள். நிறம் செய்யும் மரபணுவை இன்னொரு பிரதி கூடுதலாக வைத்தார்கள். பல செடிகளில் ஊதா கூடுவதற்குப் பதில் பூ வெள்ளையாகிவிட்டது! கூடுதலாக வைத்த மரபணுவும் பேசவில்லை, ஏற்கெனவே இருந்ததும் வாயை மூடிக்கொண்டது. 1999-இல் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோம்பும், இப்படி மௌனமான செடிகளிலும் வைரஸ் தாக்கிய செடிகளிலும் சுமார் 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதைக் கண்டார்கள். இரண்டு விந்தைக்கும் அங்கே ஒரே விடை கிடைத்தது. இதே போன்ற செயலைப் புழுவில் விளக்கி 1998-இல் எழுதிய ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நடப்பது இதுதான். வைரஸ் நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகிறது. செடியில் சாதாரணமாக அவ்வளவு நீளமான இரட்டை இழை இருக்காது. அதைப் பார்த்ததும் டைசர் என்ற கத்தரிப் புரதம் அதை 21, 22, 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. அர்கோனாட் என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் போட்டோவை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிற மாதிரி தேடுகிறது. துண்டோடு பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ. எங்கே கிடைத்தாலும் வெட்டிப் போடுகிறது. இந்தத் துண்டுகள் செல்விட்டுச் செல் நகர்ந்து மேலேயும் போகின்றன. விங்கார்டு பார்த்த புகையிலையின் மேல் இலைகள் நன்றாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

கம்பியை அறுத்தால் மணி அடிக்கும்

வைரஸ் சும்மா இருக்குமா? கத்தரியை மழுங்கடிக்க அதுவும் புரதங்கள் வைத்திருக்கிறது. சில வைரஸ் புரதங்கள் அந்தக் குட்டித் துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில அர்கோனாட்டையே அழித்துவிடும். 1998-இல் வெவ்வேறு ஆய்வகங்கள் இதைக் கண்டுபிடித்தன.

இதற்குச் செடி வைத்திருக்கும் பதில்தான் என்னை மிகவும் கவர்ந்தது. காவல்காரப் புரதங்களை எப்போதும் அதிகமாகச் செய்து வைத்தால் செடிக்குச் செலவு. அதனால் தக்காளி போன்ற செடிகள், ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வைக் கொண்டு அந்த மரபணுக்களின் குரலைத் தாழ்த்தியே வைத்திருக்கின்றன. வைரஸ் வந்து குட்டி ஆர்.என்.ஏ. வேலையைக் கெடுத்தால் என்ன ஆகும்? தாழ்த்தி வைத்த கையும் விலகிவிடும். காவல்காரர்கள் தாங்களாகவே பெருகிவிடுவார்கள்! பி.வி. சிவபிரசாத், பால்கோம்ப் குழுவினர் 2012-இல் தக்காளியில் இதை விளக்கினார்கள்.

திருட்டு அலாரம் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். நார்மலி குளோஸ்டு சர்க்யூட்டில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வரை மணி அடிக்காது. திருடன் கம்பியை அறுத்தால் மணி அடிக்கும். கம்பியை அறுத்துவிட்டோம் என்று அவன் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் மாட்டிக்கொள்கிறான். இந்த சர்க்யூட்டை யாரும் வரைந்து கொடுக்காமலே செடி வைத்திருக்கிறது.

எப்போதும் ஆன் செய்து வைத்தால் என்ன?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. எல்லாப் பாதுகாப்பு மரபணுக்களையும் நிரந்தரமாக ஆன் செய்துவிட்டால் நோயே வராதே? அரபிடாப்சிஸில் அப்படிப்பட்ட செடிகள் உண்டு. ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் பாதுகாப்பு எப்போதும் ஆனிலேயே இருக்கும். நோய்க்கு நல்ல எதிர்ப்பு இருக்கும், ஆனால் செடி குட்டையாகி, இலை சுருண்டு, வளர்ச்சி குன்றிப்போகும்.

காரணம் நம் வீட்டுக் கணக்குதான். வரவு ஒன்றே ஒன்று, வெயிலில் சமைக்கும் உணவு. அதில் காவலுக்கு எவ்வளவு, வளர்ச்சிக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். வைரஸோடு சண்டை போடும் இலையில் பாதுகாப்பு மரபணுக்கள் ஏறும்போது, ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்கள் பல இறங்குகின்றன. மோட்டார் ஓடும்போது வீட்டு விளக்கு மங்குகிற மாதிரி. அதனால் நல்ல செடி என்பது எப்போதும் சண்டை போடுகிற செடி அல்ல. வேண்டிய நேரத்தில் சட்டென்று ஆன் செய்து, வேலை முடிந்ததும் ஆஃப் செய்யத் தெரிந்த செடி.

உளுந்துக்கு வருவோம்

எங்கள் உளுந்தின் வைரஸ் டி.என்.ஏ. வைரஸ் என்று முன்பே சொன்னேன். அதனிடமிருந்து வரும் ஆர்.என்.ஏ. நகலைக் கத்தரி வெட்டும். ஆனால் அசல் டி.என்.ஏ. பத்திரமாக உட்கருவில் இருந்தால் மறுபடி நகல் வந்துகொண்டே இருக்குமே? அதற்கு 24 எழுத்துத் துண்டுகள் வழிகாட்டுகின்றன. அவை காட்டும் இடத்தில் வைரஸ் டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சின்ன இரசாயனக் குறி ஒட்டப்படுகிறது. குறி விழுந்த பக்கத்தைப் படிக்க முடியாது. புத்தகத்தைக் கிழிக்காமல் பக்கங்களை ஒட்டிவிடுகிற மாதிரி. இந்த வைரஸ் குடும்பத்தின் ஏ.சி.2 என்ற புரதம், அந்தக் குறி ஒட்டும் வேலையைத்தான் கெடுக்கப் பார்க்கிறது.

இதில் நாம் பெருமைப்பட ஒரு செய்தி இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பி, சிவபிரசாத் ஆகியோரும் சுவிட்சர்லாந்தின் பூகின், ஹோன் ஆகியோரும் சேர்ந்து 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செடி நம் உளுந்து. நோய் நம் மஞ்சள் தேமல். வைரஸின் சுவிட்ச் பகுதிக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும்படி, நோய் வந்த உளுந்துச் செடிகளுக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்தினார்கள். பெரும்பாலான செடிகள் குணமாயின. செடியிடம் ஏற்கெனவே இருந்த ஆயுதத்துக்குச் சரியான போட்டோவைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இது ஆய்வகச் சோதனை. கடையில் வாங்கித் தெளிக்கிற மருந்தல்ல. நோய் வந்த உளுந்தைக் குணமாக்கும் மருந்து என்று யார் விற்றாலும் நம்ப வேண்டாம். விவசாயி செய்யக்கூடியது வேறு. எதிர்ப்புள்ள ரகத்தை விதைக்க வேண்டும். நம் மாவட்டத்து வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 6, வம்பன் 8 போன்றவை மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகங்கள். ஆரம்பத்தில் மஞ்சள் கண்ட செடிகளை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும். வெள்ளை ஈயைக் கவனிக்க மஞ்சள் ஒட்டும் பொறி வைக்க வேண்டும்.

அப்பாவின் சோதனை

இப்போது அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த ஒற்றைப் பச்சைச் செடி எப்படித் தப்பித்தது?

இவ்வளவும் படித்துவிட்டு, லீவில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பெரிதாக விளக்கினேன். காவல்காரன், கத்தரி, ரிலே எல்லாம் சொன்னேன். "அந்தச் செடியில எதிர்ப்பு மரபணு இருந்திருக்கும்ப்பா" என்று முடித்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருந்தா அதோட வெதையிலயும் இருக்கணுமே" என்றார். பிறகு பரண்மேல் இருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அந்தச் செடியின் உளுந்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்!

அடுத்த மாசியில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் வம்பன் 8 வாங்கி வயல் முழுக்க விதைத்தோம். ஓரத்தில் இரண்டு வரிசை மட்டும் அப்பாவின் முடிச்சு விதை. முப்பதாம் நாள் அந்த இரண்டு வரிசையும் மஞ்சளாகிவிட்டது. வயல் பச்சையாக நின்றது.

அப்பா சிரித்துக்கொண்டே, "அது சண்டை போட்டு ஜெயிக்கல தம்பி. ஈ அது மேல உக்காரல, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பச்சையாக இருப்பதெல்லாம் எதிர்ப்பு அல்ல. வைரஸ் வராமலே தப்பிய செடியும், வந்த வைரஸை மரபணுக்களை மாற்றி இயக்கி அடக்கிய செடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எது எது என்று சோதித்தால்தான் தெரியும். ஹோம்ஸும் ராஸும் செய்தது அதைத்தான். பள்ளிக்கூடம் போகாத என் அப்பா இரண்டு வரிசை விதைத்துச் செய்ததும் அதைத்தான். நான் படித்ததை வைத்து அவசரப்பட்டுப் பதில் சொன்னேன். அவர் படிக்காமலே விதையிடம் கேட்டுப் பார்த்தார்.

அந்த வருடம் உளுந்து மூன்றரை மூட்டை வந்தது. தோட்டை மீட்டோம். அம்மா அதைப் போட்டுக்கொள்ளாமல் மறுபடி பெட்டியில் வைத்துவிட்டார், என் கடைசி செமஸ்டருக்காக.

நண்பர்களே, நம்மில் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வந்திருக்கிறோம். நாம் படிக்கிற பாடம் எதுவாக இருந்தாலும், லீவில் போகும்போது வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் புரியும். சில நேரம் நமக்கே அப்போதுதான் புரியும்.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுவியல் துறை